பரணில் வைத்த பழைய மெம்பரேன்

சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயை மாற்றுவது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. அதன் முனையில் இருக்கும் டேப்பும், டேப்புக்குள் இருக்கும் வாஷரும் குடியிருப்பவரின் பொறுப்பு. நம் மாநில வாடகைச் சட்டத்தின் அட்டவணை இவ்வளவு தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. கதவுப் பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, கீசர் எல்லாம் குடியிருப்பவர் தலையில். தோட்டம் இருந்தால் அதுவும். காலி செய்யும்போது, இயல்பான தேய்மானம் போக, வாங்கிய நிலையிலேயே வீட்டைத் திருப்பித் தர வேண்டும். தண்ணீர் வடிகட்டியைப் பற்றி மட்டும் அட்டவணையில் ஒரு வார்த்தை கிடையாது. அதை எழுதியவர்கள் அம்பத்தூர் பக்கம் போர் தண்ணீர் குடித்துப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

நான் வேலை பார்த்த நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழுவில், இப்போது ஒப்பந்தப் பிரிவில் இருக்கும் பிள்ளைகள் கேட்டார்கள்: "மேடம், அந்த மேனாம்பேடு கேஸ் என்னன்னு நீங்களே எழுதுங்களேன். ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க." ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னாலும், எல்லோரும் அதில் சுகந்தியைத்தான் தூக்கிவைத்துச் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் நிறுவனத்தின் தொழில், அடுத்தவர் வீட்டை வாடகைக்கு விட்டுப் பராமரிப்பது. வீட்டுக்காரர் துபாயில் இருப்பார், அல்லது அடுத்த தெருவிலேயே இருந்துகொண்டு குடித்தனக்காரரோடு பேச்சுவார்த்தை வேண்டாம் என்று நினைப்பார். ஒப்பந்தம் எழுதுவது, குடிவைப்பது, புகார் கேட்பது, காலி செய்யும்போது வீட்டைப் பரிசோதித்துச் சாவி வாங்குவது, எல்லாம் நாங்கள். நான் சட்டம் படித்தவள். வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு இரண்டு வருடம் நீதிமன்ற வராந்தாவில் நின்றேன். நிற்பதற்குக்கூட அங்கே ஒரு சொந்தக்காரர் வேண்டும் என்று புரிந்ததும் இங்கே வந்து சேர்ந்தேன். ஒப்பந்தப் பிரிவின் நாற்காலியில் உட்கார்ந்தவள், ஓய்வு பெற்ற அன்றுதான் அதிலிருந்து எழுந்தேன். என் பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் பொது ஒப்பந்தப் படிவத்தில் இருக்கும் ஷரத்துகளை எண் சொல்லிக் குறிப்பிட மாட்டோம். எழுதியவர் பெயரைச் சொல்லித்தான் குறிப்பிடுவோம். சுவரில் ஆணி அடிப்பது பற்றியது தங்கராஜ் ஷரத்து. மொட்டை மாடியில் வற்றல் காயவைப்பது பற்றியது ஸ்டெல்லா ஷரத்து. தங்கராஜ் வேலையை விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் அம்பத்தூரில் யாராவது டிவி மாட்டச் சுவரைத் துளைத்தால், "தங்கராஜைப் படிச்சுக் காட்டுங்க" என்போம். படிவத்தின் பாதியைச் சுத்தம் செய்தவள் நான். அதில் என் பெயரில் ஒரு ஷரத்து இல்லை. என் வேலைக் காலத்தில் நான் விரும்பிக் கேட்டது அது ஒன்றுதான். பத்மினி ஷரத்து. சம்பள உயர்வுக்குக்கூட நான் அவ்வளவு ஏங்கியதில்லை.

மேனேஜர் ஜெயசீலன் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெதுவான மனிதர். ஒரு குறிப்பை நீட்டினால் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, உதடு அசைய ஒருமுறை படிப்பார். பிடிக்காவிட்டால் "நல்லா இருக்குங்க" என்று திருப்பித் தருவார். பிடித்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் தன் இடதுபக்கத் தட்டில் வைத்துக்கொள்வார். என் குறிப்புகள் எல்லாமே நல்லா இருந்தன.

சுகந்தி எனக்குப் பின்னால் வந்தவள். பரிசோதனைப் பிரிவு. எம்.காம். கொரட்டூர் ஏரிக்கரைப் பக்கம் நிலபுலன் வைத்திருந்த குடும்பம். படிப்பில் என்னைவிட ஒன்றும் மட்டமில்லை, ஆனால் அதை வெளியே எடுக்கவே மாட்டாள். அவள் மேனேஜர் அறைக்குள் போனால் காகிதமே இல்லாமல் போவாள். எதிரில் உட்கார்ந்து, "சார், அந்தப் பாடி ஏரியா வீட்டுல இன்னா நடந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பிப்பாள். ஜெயசீலன் சார் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்பார்: "அப்புறம் என்ன ஆச்சு?"

அத்தனை வருடத்தில் என்னிடம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. என் குறிப்பில் அப்புறம் என்ன ஆச்சு என்பதும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கும், அதனால் கேட்க அவசியமில்லை என்று நான் எனக்குள் சொல்லிக்கொள்வேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருவரும் சிரிப்பது தெரியும். சத்தம் கேட்காது. சத்தம் கேட்டிருந்தால் பரவாயில்லை என்று தோன்றும்.

இனி அந்த மேனாம்பேடு வீடு.

வீட்டுக்காரர் ஏகாம்பரம் அந்த ஊரின் பழைய குடும்பம். நிலத்தை விற்றதில் மிஞ்சிய மனையில் மூன்று மாடி கட்டி, கீழே தான் இருந்துகொண்டு, மேலே வாடகைக்கு விட்டிருந்தார். மூன்றாம் மாடியில் பிரபு என்று ஒரு பையன். திருநெல்வேலிப் பக்கம், ஐடி வேலை, கல்யாணம் ஆகவில்லை. அடுக்களைச் சுவரில் இருந்த ஆர்.ஓ. மெஷின் ஏகாம்பரத்தினுடையது. அந்தப் பகுதித் தண்ணீருக்கு மெஷினுக்குள் இருக்கும் மெம்பரேன் சீக்கிரமே போய்விடும். உப்பைத் தடுத்து நிறுத்துவதே அந்த மெம்பரேன்தான். அது போனால் மெஷின் சுவரில் தொங்கும் அலங்காரம், அவ்வளவுதான். பிரபு குடிவந்த கொஞ்ச நாளில் அது போய்விட்டது. ஏகாம்பரத்திடம் கேட்டான். அவர் சொன்ன பதிலை அவன் பின்னால் எனக்கு நடித்தே காட்டினான்: "மெசினு மாட்டிக் குட்த்துக்கீறேன். உள்ள கீற சாமானுக்கும் நானே அழணுமா? நானெல்லாம் கெணத்துத் தண்ணி குச்சு வளந்தவன் நைனா!"

பிரபு தானே புது மெம்பரேன் வாங்கிப் போட்டான். பழையதைத் தூக்கி எறியவில்லை. செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைத்தான். வாடகை வீட்டில் இருப்பவர்கள் நிறையப் பேர் இப்படித்தான். வீட்டுக்காரர் கொடுத்த மங்கின பல்பு, ஒழுகும் ஷவர், கிழிந்த கொசுவலை எல்லாம் பரணில் பத்திரமாகத் தூங்கும். காலி செய்யும் நாளில் அவை இறங்கி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். புதியவை லாரியில் ஏறிவிடும்.

எங்கள் நடைமுறை இதற்காகவே இருந்தது. வீடு முழுவதும் காலியாகி, சாமான் வண்டி தெருமுனை தாண்டி, சாவி கைக்கு வந்த பிறகுதான் பரிசோதனை. அதற்கு முன் செய்தால் அது பரிசோதனை இல்லை, விருந்துக்குப் போய்வந்தது. பிரபு, "அக்கா, ஞாயித்துக்கிழமை வண்டி வருது, உங்களுக்கு லீவு, சனிக்கிழமையே பாத்துருங்களேன்" என்று கேட்டிருக்கிறான். சுகந்தியும் சனிக்கிழமையே போனாள். மெஷினிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். "தண்ணீர் நன்றாக உள்ளது" என்று அறிக்கையில் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை காலை பிரபு பரணில் ஏறினான்.

அடுத்து வந்தவர்கள் ரேகாவும் அவள் கணவனும், ஒரு கைக்குழந்தையும். தர்மபுரிக்காரர்கள். கணவனுக்கு இரவு ஷிப்ட். ரேகாவுக்குத் தாய்ப்பால் போதவில்லை, பவுடர் பால்தான். வந்த முதல் வாரமே தண்ணீர் கரிக்கிறது என்று போன் வந்தது. இரண்டாம் வாரம் குழந்தைக்கு வயிறு சரியில்லை. தண்ணீரால்தானா வேறெதுவுமா என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் முதலில் தண்ணீரை மாற்றச் சொன்னார். கேன் தண்ணீர் போடுகிறவன் லிப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு ஏற மாட்டேன் என்றான். வயிற்றில் தையல் ஆறாத பெண் கீழிருந்து கேனைத் தூக்க முடியாது. காலையில் வீடு வரும் கணவன் இரண்டு கேனைச் சுமந்துவிட்டுத் தூங்கப் போவான்.

புகார் என் மேசைக்கு வந்தது. சர்வீஸ்காரரோடு நானே போனேன். மெஷினின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர், போன தீபாவளிக்கு மெம்பரேன் மாற்றியதாகச் சொன்னது. உள்ளே இருந்ததோ மெஷின் வாங்கிய காலத்தது. சர்வீஸ்காரர் அதை உருவி எடுத்ததும் பழுப்பு நிறத் தண்ணீர் சொட்டியது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை எண்ணாகக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் என் கையில் இருந்தது; அதை மெஷின் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் மாற்றி மாற்றி விட்டேன். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண். பரிசோதனைக்குப் பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று அங்கேயே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தது நான். அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக்குதித்துப் போய்விடுகிறார்கள்.

எனக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. சுகந்தி சனிக்கிழமை போனாள் என்பது எழுத்தில் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

ஏகாம்பரத்திடம் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, மெம்பரேன் போயிடுச்சு. நீங்கதான் மாத்தணும்."

"இன்னாம்மா பேசற நீ? தண்ணி சோக்கா கீதுன்னு ஒங்க ஆபீஸ் பொண்ணே எழுதிக் குட்த்துக்கீது. கையெழுத்து போட்டுக்கீது. அப்புறம் எப்டி நான் மாத்தறது?"

"அவங்க பாத்த பிறகு பழைய ஆளு மாத்திட்டாரு."

"அப்ப அவனாண்ட போய்க் கேளு. இல்லாங்காட்டி இப்போ கீறவங்க போடட்டும். குடிக்கறது அவுங்கதானே?"

பிரபுவுக்குப் போன் செய்தேன். அவன் மாங்காட்டில் புது வீடு பிடித்திருந்தான். பேச்சில் மரியாதை குறையவே இல்லை.

"மேடம், நான் எடுத்துட்டு வந்தது என் காசுல வாங்கினது. அவரு குடுத்ததை அவருக்கே மாட்டிட்டு வந்துட்டேன். வாங்கின நிலைமையிலயே திருப்பித் தரணும்னு உங்க அக்ரிமென்ட்லதான மேடம் இருக்கு?"

இருந்தது. சட்டத்திலிருந்து நான் அப்படியே எடுத்து எழுதியது. அவன் அதை ஒரு வரி பிசகாமல் நிறைவேற்றியிருந்தான்.

இதற்குப் பிறகு ஒரு வாரம் நான் செய்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. அட்டவணையை எடுத்து, வடிகட்டி டேப்பின் பக்கம் சேருமா குழாயின் பக்கம் சேருமா என்று ஆராய்ந்தேன். அடிக்கடி மாற்றும் வடிகட்டிகளை வாஷரோடு ஒப்பிடலாம், ஆகவே குடியிருப்பவர். மெம்பரேன் மெஷினின் உயிர், அது இல்லாமல் மெஷினே இல்லை, ஆகவே உரிமையாளர். குடியிருப்பவர் தன் செலவில் மாற்றினால், காலி செய்யும்போது மீதி ஆயுளுக்கான ஈடு அவருக்கு. பழைய பாகத்தை நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும், பரணில் வைக்கக் கூடாது. இன்றைக்கும் இதில் குறை சொல்ல முடியாது. பக்கம் பக்கமாக எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். கூடவே, சனிக்கிழமைப் பரிசோதனை பற்றித் தனியாக ஒரு பத்தி.

ஜெயசீலன் சார் பேனாவை மூடி வைத்தார். உதடு அசையப் படித்தார். அந்தத் தனிப் பத்தி வந்ததும் உதடு நின்றது. பிறகு தொடர்ந்தது.

"நல்லா இருக்குங்க," என்றார்.

"சார், ஏகாம்பரத்துக்கு நோட்டீஸ் அனுப்பலாமா?"

"அனுப்பலாம். பதில் சொல்ல எவ்வளவு நாள் தரணும்?"

"முப்பது நாள் சார்."

"குழந்தை?" என்றார்.

நோட்டீஸில் குழந்தைக்கென்று பத்தி கிடையாது.

அன்று சாயங்காலம் சுகந்தி என் மேசைக்கு வந்தாள். அவளைப் பற்றி நான் எழுதியது அவளுக்குத் தெரிந்திருந்தது. கண்ணாடித் தடுப்பு வழியாகச் சத்தம் வராது, ஆனால் சேதி வந்துவிடும்.

"அக்கா, கரெக்டாதான் எழுதிக்கீறீங்க. தப்பு என்னுதுதான். அந்தப் பையன் நம்பர் குடுங்க."

"எதுக்கு? அவன் சட்டப்படி சரியாத்தான் செஞ்சிருக்கான்."

"சட்டம் கெடக்குது விடுங்கக்கா. சும்மா ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரேன்."

ஸ்கூட்டரில் பூந்தமல்லி வழியாக மாங்காடு போனாள். அங்கே நடந்ததைப் பிரபுதான் பின்னால் எனக்குச் சொன்னான். இவள் வீட்டுக்குள்கூட வரவில்லை, வாசலிலேயே நின்றாளாம்.

"தம்பி, நீ பண்ணதுல ஒரு தப்பும் இல்ல. நான் சனிக்கெழம வந்தது என் தப்பு. ஆனா அந்த ஊட்ல இப்போ ஒரு கைக்கொழந்த கீது. அதுக்கு வவுறு சரியில்ல. நீ தர்லன்னாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒருவாட்டி கேட்டுப் பாக்கலாமேன்னு வந்தேன்."

பிரபு உள்ளே போனானாம். மெம்பரேன் புது வீட்டு மெஷினுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றினான். பரணில் ஏறினான். மாங்காட்டு வீட்டுக்காரரின் பழைய மெம்பரேன் அங்கே செய்தித்தாளில் சுற்றித் தயாராக இருந்தது. அதை மாட்டிவிட்டுத் தன்னுடையதை எடுத்துக்கொண்டு இவள் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தான். மேனாம்பேடு வந்து, மூன்று மாடி ஏறி, தானே பூட்டிக் கொடுத்தான். தண்ணீர் வடிந்து நிரம்பும்வரை குழந்தையை மடியில் வைத்திருந்தான். இதையும் அவனே சொன்னான், கொஞ்சம் கூச்சத்தோடு.

"ஏம்ப்பா, நான் கேட்டப்ப அவ்வளவு ரூல் பேசின?"

"நீங்க ரூல் கேட்டீங்க மேடம். அக்கா மெம்பரேன் கேட்டாங்க."

மறுநாள் சுகந்தி மேனேஜர் அறையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அப்பால் ஜெயசீலன் சார் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். உதட்டைப் பார்த்தே தெரிந்தது: அப்புறம் என்ன ஆச்சு? வெளியே வந்ததும் எல்லோரும் அவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். தங்கராஜுக்குப் பின் வந்த பையன் காபி வாங்கி வந்தான். சனிக்கிழமை தவறு செய்தவள் அவள். கண்டுபிடித்தவள் நான். காபி யாருக்கு?

நான் அன்று வடிகட்டி ஷரத்தைத் தனிக் காகிதத்தில் சுத்தமாக எழுதிக் கொடுத்தேன், பொதுப் படிவத்தில் சேர்க்கும்படி. மேனேஜர் படித்தார். "நல்லா இருக்குங்க" என்று சொல்லவில்லை. இடதுபக்கத் தட்டில் வைத்தார். அந்த மாலை அம்பத்தூர் ஸ்டேஷன் வரை நான் நடந்து போனது நினைவிருக்கிறது. பஸ் இருந்தும் நடந்தேன்.

பதில் வரவில்லை. ஜெயசீலன் சார் ஓய்வு பெற்றார். அவர் நாற்காலிக்கு யார் வரப்போகிறார்கள் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை, ஆசை மட்டும் இருந்தது. சுகந்தி வந்தாள். மேசையும் தட்டும் அவளுடையதாயிற்று. தட்டில் இருந்த என் காகிதமும் அவளிடம் போயிற்று. நினைவூட்டுக் குறிப்பு ஒன்று எழுதியிருக்கலாம். அதற்கென்று படிவமே உண்டு, நானே தயாரித்தது. எழுதவில்லை. அவளிடம் ஒன்றைக் கேட்டு வாங்குவதைவிடப் பெயரில்லாமல் ஓய்வு பெறுவது மேல் என்று இருந்தேன். அப்படியே ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவில் அவள் பேசும்போது கண் கலங்கினாள். நடிப்பு என்று சொல்லிவிட எனக்கு ஆசைதான், ஆனால் நடிப்பு இல்லை.

இப்போது அம்பத்தூர், ஆவடி வீடுகளில் மெஷினையே மாத வாடகைக்கு எடுக்கிறார்கள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். மெஷின் வீட்டுக்காரருடையதும் இல்லை, குடித்தனக்காரருடையதும் இல்லை. பரணில் வைக்க ஒன்றும் மிஞ்சாது. ஆனால் பழைய மெஷின் சுவரில் இருக்கும் வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன, சண்டையும் இருக்கிறது.

அந்தச் சண்டைகளில் ஏதோ ஒன்று முற்றியபோது சுகந்தி தட்டைக் கிளறியிருக்கிறாள். அலுவலகத் தாளில் எனக்குக் கடிதம் வந்தது. தாமதத்துக்கு மன்னிப்பு கேட்டிருந்தாள், ஒரு காரணமும் சொல்லாமல். வடிகட்டி பற்றிய ஷரத்து, நான் எழுதியபடி ஒரு சொல் மாறாமல் படிவத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அலுவலகச் சுற்றறிக்கையின் நகலும் இருந்தது. அதன் தலைப்பில், எழுத்தில், எல்லோரும் பார்க்கும்படி: பத்மினி ஷரத்து. அந்தப் பெயரை எனக்குக் கொடுக்கும் அதிகாரம் உலகத்தில் ஒரே ஒருத்தியிடம் இருந்தது. அவளே கொடுத்துவிட்டாள். இதையாவது அவள் எனக்கு மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால் நான் அவளை நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

ஷரத்தின் கடைசியில் அவள் ஒரு வரி சேர்த்திருந்தாள். அது தானே சேர்த்தது என்று அடைப்புக்குறிக்குள் ஒப்புக்கொண்டுமிருந்தாள். வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால், பொறுப்பு யாருடையது என்று முடிவாகும்வரை காத்திராமல் நிறுவனமே முதலில் வடிகட்டியை மாற்றிவிட வேண்டும், வழக்கு பிறகு.

அந்த வரியில் ஓட்டை இருக்கிறதா என்று சட்டப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பலமுறை படித்துவிட்டேன். இல்லை. என் பெயர் போட்ட ஷரத்தில் மிக நல்ல வரி அவளுடையது. என் காகிதத்துக்குப் பதில் வந்த நாளும் சனிக்கிழமைதான், புரட்டாசி முதல் சனி.